பொறுமையின் விலையை யார் கொடுப்பது?

(கடலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



‘கருத்து வேறுபாடும் கிறிஸ்தவ கிருபையும்’ என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இந்தப் பொருளில் பேச ஒருவரைக் கூப்பிட்டால் அவர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும். பொறுத்துப்போங்கள், விட்டுக்கொடுங்கள், மறு கன்னத்தைக் காட்டுங்கள் என்பார். நாமும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் அதே பழைய சண்டை அதே இடத்திலிருந்து தொடங்கும்.

அதனால் வேறொரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறேன். ஒரு தகராறில் ‘பொறுமையாக இரு’ என்று யாரிடம் சொல்கிறோம்? மாமியாரிடம் சொல்வதைவிட மருமகளிடம்தான் அதிகம் சொல்கிறோம். தாளாளரிடம் சொல்வதில்லை, சம்பளம் வராத ஆசிரியரிடம் சொல்கிறோம். ஊர்த்தெருவிடம் சொல்வதில்லை, காலனியிடம் சொல்கிறோம். பொறுமை நல்ல குணம்தான். வள்ளுவர் அதற்கென்று பொறையுடைமை என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆனால் எந்தப் பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் தலையில் கட்டுகிறோம் என்று பார்த்தால், நாம் பேசுவது கிருபையா வெறும் வசதியா என்பது தெரிந்துவிடும்.

கிறிஸ்தவ விசுவாசத்தின்படி கிருபை என்பது தகுதியில்லாதவனுக்கு இலவசமாகக் கிடைப்பது. ஆனால் கொடுத்தவருக்கு அது இலவசமாக இருக்கவில்லை. சிலுவை சொல்லும் செய்தி அதுதான்: வலியவர் தாமே இறங்கிவந்து விலை கொடுத்தார். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நமக்குப் பழக்கமான ஒரு வட்டாரத்தைச் சுற்றிவர உங்களை அழைக்கிறேன். கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். அந்தச் சாலையிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் தமிழ்க் கிறிஸ்தவத்தின் பெரிய கருத்து வேறுபாடுகள் சில தடம் பதித்திருக்கின்றன. நம் பாடப்புத்தகங்களில் அவற்றுக்கு அதிக இடமில்லை.

எதிரியின் ஊரில் இருந்தவர்

முதலில் கடலூர். தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை இருந்த காலம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்த ஊரைப் பந்துபோல் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1767இல் கிறிஸ்தியான் வில்ஹெல்ம் கெரிக்கே என்ற ஜெர்மானிய ஊழியர் இங்கே வந்தார். 1782இல் ஊர் பிரெஞ்சுப் படையின் கைக்குப் போனது. ஹைதர் அலியின் படை அவர்களுக்குத் துணையாக நின்றது. கெரிக்கே தொழுகை நடத்திய ஆலயத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் வெடிமருந்துக் கிடங்காக்கினார்கள்.

கெரிக்கே உடனே ஊரைவிட்டு ஓடவில்லை. தம் ஆலயத்தைப் பறித்துக்கொண்ட அதே அதிகாரிகளிடம் போய் ஊர்மக்களுக்காகப் பரிந்து பேசினார். ஹைதரின் படையிடம் சிக்கவிருந்த ஆங்கிலேய அதிகாரிகளைத் தம் வீட்டில் ஒளித்துவைத்தார். இரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பதைக் கவனியுங்கள். எதிர்த்தரப்போடு பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. அதே சமயம், பேச்சு கெட்டுவிடும் என்று பயந்து, தம்மை நம்பி வந்தவர்களைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. இடர் முழுவதையும் தாமே ஏற்றார்.

அவருக்கு இன்னொரு சோதனையும் வந்தது. அது எதிரியால் வந்ததல்ல, மிக நல்ல ஒரு மூத்தவரால் வந்தது. வேப்பேரியில் ஊழியம் செய்த யோஹான் பிலிப் ஃபப்ரீசியுஸை நீங்கள் அறிவீர்கள். தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர், அகராதி தந்தவர், லுத்தரன் சபைகள் இன்றும் பாடும் ஞானப்பாட்டுகளைத் தந்தவர். பணக்கணக்கில் அவர் குழந்தை. பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைத் தகாதவர்களிடம் கொடுத்து இழந்தார், கடனாளியானார், முதுமையில் சிறைக்கும் போனார். 1788இல் வேப்பேரிப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துக் கெரிக்கேயிடம் கொடுத்தார்கள். 1791இல் ஃபப்ரீசியுஸ் காலமானார்.

இங்கே இரண்டு தவறுகள் நடந்திருக்கலாம். ‘பாவம், பரிசுத்தவான், விட்டுவிடுங்கள்’ என்று பொறுப்பை அவரிடமே விட்டிருக்கலாம். அப்போது அந்தக் கிருபைக்கு விலை கொடுத்திருப்பவர்கள் பணத்தை இழந்தவர்கள். அல்லது ‘கடன்காரர்’ என்று முத்திரை குத்தி, அவருடைய உழைப்பையும் சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. பணப்பெட்டிச் சாவி அவர் கையிலிருந்து போனது. அவருடைய வேதாகமம் சபையின் கையில் இருந்தது. தவறு செய்தவரைப் பொறுப்பிலிருந்து விலக்குவதும் அவருடைய நன்மையை மறக்காமலிருப்பதும் ஒன்றோடொன்று மோதுபவை அல்ல. இதை நம் நிர்வாகங்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

பாதிரியாரும் பண்டிதரும்

சாலையின் மறுமுனையில் சிதம்பரம். அங்கே 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர். கிறிஸ்தவ மிஷனரிகளைத் தமிழில் அவரளவுக்கு வலுவாக எதிர்த்து எழுதியவர்கள் குறைவு. 1854இல் வந்த அவருடைய சைவ தூஷண பரிகாரம் மிஷனரிகளுக்கு அவர்கள் வேதத்தைக் கொண்டே பதில் சொல்ல முயன்றது. அந்த வேதத்தை அவர் அவ்வளவு நுட்பமாக எங்கே கற்றார்? பீட்டர் பேர்சிவல் பாதிரியாரின் மேசையில்.

பேர்சிவல் யாழ்ப்பாணத்தில் இருந்த வெஸ்லியன் மிஷனரி. தம் பள்ளியில் படித்த அந்த இளைஞரையே பள்ளி ஆசிரியராகவும் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைப் பண்டிதராகவும் வைத்துக்கொண்டார். மதம் மாறு என்ற நிபந்தனை இல்லை. நாவலர் தம் சைவ ஒழுக்கத்தில் நின்றபடியே ஆண்டுக்கணக்கில் அந்த வேலையைச் செய்தார். 1847இன் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். 1848இல் பாதிரியாரின் வேலையை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார்.

பேர்சிவலின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். நம் நிறுவனத்தில் சம்பளம் வாங்கிய ஒருவர், நம்மிடம் கற்ற கல்வியையும் முறையையும் எடுத்துக்கொண்டு, எதிரே பள்ளி வைக்கிறார். நாம் என்ன செய்வோம்? நன்றி கெட்டவன் என்போம். பேர்சிவலோ வேலையைத் தொடர்ந்தார். 1850இல் அந்த மொழிபெயர்ப்பு சென்னையில் அச்சாகி வந்தது. சோதனைப் பதிப்பு என்றே அதற்குப் பெயர். தமிழ்நாட்டு மிஷனரிகள் பலர் அதை ஏற்கவில்லை. வேறொரு திருத்தக் குழு அமைந்தது. இறுதியில் நிலைத்தது ஹென்றி பவரின் பதிப்பு. ஆக, பேர்சிவலுக்கு இரண்டு இழப்புகள்: பண்டிதரும் போனார், மொழிபெயர்ப்பும் போனது.

அவர் தமிழை விட்டுப் போகவில்லை. சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். தினவர்த்தமானி என்ற இதழைத் தொடங்கினார். அதன் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தாரே, அவர்தான். 1874இல் பேர்சிவல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். தம் தரப்பு தோற்றுப்போன பிறகும் ஒருவர் செய்யக்கூடிய வேலைகள் எத்தனை இருக்கின்றன என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு பட்டியல்.

இந்த உறவில் அதிகாரம் யாரிடம் இருந்தது? சம்பளம் கொடுத்தவரிடம், ஆளும் இனத்தைச் சேர்ந்தவரிடம். அவர் நினைத்திருந்தால் மதத்தை நிபந்தனையாக்கியிருக்கலாம். செய்யவில்லை. அதற்கான விலையை, அதாவது தம் பண்டிதரே தமக்கு எதிராளியாவதை, அவரே ஏற்றுக்கொண்டார். நாவலரை அவர் மதம் மாற்றவில்லை, உண்மைதான். ஆனால் மாற்றுக் கருத்துள்ள ஒரு மேதையைத் தம் வீட்டில் மரியாதையோடு வைத்திருந்தார். இதை நான் தோல்விக் கணக்கில் எழுத மாட்டேன்.

சைவர்களுக்குள்ளும் அந்தக் காலத்தில் சண்டை இருந்தது. சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்து, 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலை கண்ட வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற விவாதம், 1869இல் இதே கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின் படியேறியது. எதிர்த்தரப்பில் நின்ற நாவலரும் வள்ளலாரும் மறைந்த பிறகும் கண்டன நூல்கள் ஓயவில்லை. அந்தப் பிற்காலப் போரில் வள்ளலாருக்காக வாதாடியவர்களில் முன்னணியில் நின்றவர் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் என்ற இசுலாமியர். அருள் எந்த வேலிக்குள்ளும் அடங்குவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உள்ளூர்ச் சான்று என்னிடம் இல்லை. கிறிஸ்தவ கிருபை என்று பேச வந்த நான் இதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது.

பட்டாம்பாக்கத்துக்கு வந்த வழி

இனி மனம் நோகும் பகுதி. நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கம் இருக்கிறது. 1861இல் கார்ல் ஒக்ஸ் என்ற ஜெர்மானியர் அங்கே பெத்தானியா என்ற பெயரில் ஓர் ஊழிய நிலையம் தொடங்கினார். சில ஆண்டுகளில் டேனிஷ் மிஷனரி சங்கம் அதைத் தன் பணியாக ஏற்றது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் அங்கேதான். அந்தத் தொடக்கத்தின் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. சண்டையின் பெயர் சாதி.

பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் நம் சீர்திருத்தத் திருச்சபைகளில் சாதிப்படி தனித்தனியாக உட்காரும் வழக்கம் இருந்தது. திருவிருந்தில் யார் முன், யார் பின் என்ற கேள்வியும் இருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை இனி கூடாது என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள், பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் கதவைத் திறந்தது தரங்கம்பாடியைத் தளமாகக் கொண்ட லைப்சிக் மிஷன்.

லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல். 1849 முதல் 1853 வரை இந்தியாவில் பயணம் செய்து தமிழ் கற்றவர், திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். அவர் தரப்பை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாதியில் சமய நம்பிக்கை சார்ந்த பகுதி வேறு, சமூக வழக்கம் சார்ந்த பகுதி வேறு என்றார். முன்னதை விட்டாக வேண்டும், பின்னது நற்செய்தியின் தாக்கத்தாலும் கல்வியாலும் மெல்லக் கரையும், சட்டம் போட்டு ஒரே நாளில் ஒழிக்க முயன்றால் வேஷம்தான் மிஞ்சும் என்றார். இதில் அறிவில்லாத பேச்சு ஒன்றுமில்லை. தமிழ்ப் பண்பாட்டை ஐரோப்பியப் பண்பாட்டின் அளவுகோலால் அளக்கக்கூடாது என்ற மரியாதையும் அதில் இருந்தது.

எதிர்த்தரப்பும் மென்மையாகப் பேசவில்லை. 1853இல் ஜி.யு. போப், லைப்சிக் மிஷனின் ஆக்கிரமிப்பைக் கண்டித்துக் காரமான ஒரு துண்டுநூல் வெளியிட்டார். குறளை ஜெர்மனுக்குக் கொண்டுபோனவரின் தரப்பைச் சாடியவர், பின்னாளில் குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்! பொறையுடைமை அதிகாரத்தை இருவரும் வரிவரியாக மொழிபெயர்த்தார்கள். அதே போப், 1900இல், எண்பதாவது பிறந்தநாளையொட்டி, தில்லையோடு பிரிக்க முடியாத மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தார். முப்பதுகளில் சக கிறிஸ்தவர்மேல் கல்லெறிந்த பேனா, எண்பதில் வேறு சமயத்தின் பக்திக்கு முன் தலைவணங்கியது. கடுமையானவர் என்று யாரையும் கடைசிக் கணக்கு எழுதி மூடிவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒக்ஸ் லைப்சிக் மிஷனுக்குள்ளேயே இருந்தவர். அவரால் கிரவுலின் நிதானத்தை ஏற்க முடியவில்லை. ஒன்றாக உண்ண மறுப்பவர்கள் ஒன்றாகத் திருவிருந்தில் பங்குபெறுவது எப்படி என்று கேட்டார். கேள்வி தீரவில்லை, 1850களின் இறுதியில் பிரிந்தார், தென்னார்க்காட்டுக்கு வந்து புதிதாகத் தொடங்கினார். ஒரு நிறுவனத்துக்குள்ளிருந்து பார்த்தால் ஒக்ஸ் போன்றவர்தான் ‘ஒத்துப்போகாத ஆள்’. கிரவுல்தான் பக்குவமானவர், பொறுமைசாலி.

இப்போது நம் அளவுகோலை வைப்போம். கிரவுலின் பொறுமைக்கு யார் விலை கொடுத்தார்கள்? சாதி மெல்லக் கரையட்டும் என்று காத்திருந்த காலமெல்லாம், ஆலயத்தில் ஒதுங்கி உட்கார்ந்தவர் யார்? கிரவுல் அல்ல. லைப்சிக் நகரத்தில் இருந்த குழுவும் அல்ல. அந்தப் பொறுமையின் வட்டியையும் முதலையும் கட்டியவர்கள் பறையர், பள்ளர் கிறிஸ்தவர்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஒருவர் எவ்வளவு நிதானமாகப் பேசினாலும், எவ்வளவு படித்தவராக இருந்தாலும், அடுத்தவன் செலவில் காட்டும் பெருந்தன்மைக்குக் கிருபை என்று பெயரில்லை.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூர், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும், சவ ஊர்வலம் பொதுத்தெரு வழியே போக வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை வாங்கியவர்களுக்குள் 2008 மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது. காவல்துறை சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் உயிரிழந்தார்கள். இறந்தவர்களும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள்தாம். தீர்க்க வேண்டிய காலத்தில் தீர்க்காமல், அமைதி அமைதி என்று தள்ளிப்போட்டால், விலை ஏறிக்கொண்டே போகும். கடைசியில் இரண்டு பக்கத்து ஏழைகளும் அதைக் கட்டுவார்கள்.

பரங்கிப்பேட்டையில் ஒரு பள்ளி

அப்படியானால் பலமற்றவருக்குக் கிருபை தேவையில்லையா என்று கேட்பீர்கள். தேவை. ஆனால் அது அவர் தாமாகத் தருவது. மேலிருந்து யாரும் அதிகாரமாகக் கேட்டு வாங்கக்கூடியதல்ல. இதற்கு எடுத்துக்காட்டு பி. முட்லூரில் கிழக்கே திரும்பினால் வரும் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது.

அன்னே மரி பீட்டர்சன் 1909இல் டேனிஷ் மிஷனில் ஆசிரியப் பணிக்காக இந்தியா வந்தார். சில ஆண்டுகள் கழித்து வந்தவர் எஸ்தர் ஃபேரிங். பெண்கல்வி எப்படி நடக்கிறது என்று பார்க்க இருவரும் நாட்டைச் சுற்றியபோது, 1917 ஜனவரியில் அகமதாபாத்தில் காந்தியின் ஆசிரமத்துக்குப் போனார்கள். அந்தச் சந்திப்பு இரண்டு பேர் வாழ்க்கையையும் திருப்பிவிட்டது. காந்தியோடு கடிதத் தொடர்பு வளர்ந்தது. மிஷனுக்கு அது பிடிக்கவில்லை. எஸ்தருக்கு ஆசிரமம் போகத் தடை வந்தது. சென்னை அரசும் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது.

மிஷன் தரப்பையும் சொல்ல வேண்டும். அது முதல் உலகப்போர்க் காலம். லைப்சிக் மிஷனரிகளையும் பாசல் மிஷனரிகளையும் ஆங்கில அரசு முகாம்களில் அடைத்து, நாட்டைவிட்டே அனுப்பியதை டேனிஷ்காரர்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். டென்மார்க் நடுநிலை நாடு, ஆனாலும் அந்நிய நாடு. ஓர் ஆசிரியையின் காந்திப் பற்றினால் பள்ளிகளும் மருத்துவமனைகளும் மூடப்பட்டால் என்ன செய்வது? பயத்துக்குக் காரணம் இருந்தது. பயந்தவர்களைக் கோழைகள் என்று நூறாண்டு கழித்து மேடையில் நின்று சொல்வது எளிது.

இரண்டு பெண்களும் கடைசியில் மிஷனைவிட்டு விலகினார்கள். எஸ்தர் சபர்மதிக்குப் போனார், பின்பு டாக்டர் குஞ்ஞி மேனனை மணந்தார். பீட்டர்சன் பரங்கிப்பேட்டைக்கு வந்தார். இந்தியப் பெண்களுக்கு இந்திய முறையில், அரசு மானியத்தைச் சாராத ஒரு கிறிஸ்தவப் பள்ளி என்பது அவர் கனவு. 1921இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். சேவாமந்திர் எழுந்தது. எஸ்தரும் மேனனும் பிறகு அங்கே பணியில் சேர்ந்தார்கள். கதர் உடுத்திய பீட்டர்சன் 1951இல் பரங்கிப்பேட்டையிலேயே காலமானார். பள்ளி இன்றும் நடக்கிறது.

அவர் விலகிய முறையைப் பாருங்கள். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காந்தியை விடவில்லை, கிறிஸ்துவையும் விடவில்லை. பழைய மிஷனுக்கு எதிராக ஒரு போட்டிச் சபை தொடங்கவும் இல்லை. தாம் கேட்ட பள்ளியை அவர்கள் நடத்த முடியாது என்று தெரிந்ததும், தாமே நடத்திக் காட்டினார். டென்மார்க்கில் இருந்த நண்பர்கள் அவருக்கு உதவினார்கள். கோபத்தைக் கட்டடமாக மாற்றுவது என்பது இதுதான்.

இதற்கு வேதத்திலேயே முன்மாதிரி உண்டு. மாற்குவைப் பயணத்தில் சேர்த்துக்கொள்வதா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடும் வாக்குவாதம் மூண்டு, இருவரும் பிரிந்து வெவ்வேறு திசையில் போனதாக அப்போஸ்தலர் நடபடிகள் ஒளிவுமறைவின்றி எழுதுகிறது. அப்போஸ்தலர்கள் சண்டையே போடவில்லை என்று அது நடிக்கவில்லை. ஆனால் பவுல் தம் கடைசிக் காலத்துக் கடிதத்தில் அதே மாற்குவை, ஊழியத்துக்குப் பயன்படுகிறவன் என்று சொல்லி அழைத்துவரச் சொல்கிறார். பிரிவு நேரலாம். திரும்பி வரும் வழியை அடைக்காமல் பிரிந்தார்களா என்பதே கேள்வி.

நம் கமிட்டி அறைக்குள்

பெரிய மனிதர்களைப் பற்றிப் பேசிவிட்டோம். நம் தகராறுகள் இவ்வளவு பெரியவை அல்ல. பாடகர் குழுவில் யார் முன்னால் நிற்பது, கல்லறைத் தோட்டத்து வேலிக்குப் பணம் எங்கே போனது, பள்ளி நியமனத்தில் யாருடைய மருமகன், பண்டிகைச் செலவுக் கணக்கு ஏன் இன்னும் வரவில்லை. ஆனாலும் இவைதாம் மொட்டைக் கடிதமாகி, துண்டறிக்கையாகி, தேர்தல் அணியாகி, கடைசியில் உயர்நீதிமன்ற வழக்காகின்றன.

மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் இயேசு ஓர் ஒழுங்கு சொல்கிறார். முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஊருக்குச் சொல்கிறோம், பிறகு அணி சேர்க்கிறோம், சம்பந்தப்பட்டவரிடம் கடைசிவரை பேசுவதே இல்லை. இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தனியாகப் போய்ப் பேசு என்ற ஒழுங்கை, பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்ணிடமோ, அதிகாரியின் மிரட்டலுக்கு ஆளான ஊழியரிடமோ சொல்லித் திருப்பி அனுப்பக்கூடாது. அது சரிசமமான இருவருக்கு உரிய வழி. பலம் சமமில்லாத இடத்தில் இரண்டாம் மூன்றாம் படிகளிலிருந்தே தொடங்கலாம். புகார் சொல்ல வந்தவரை மன்னிக்கச் சொல்லி அனுப்புவது, அவர் பையிலிருந்து பணம் எடுத்து நாம் தர்மம் செய்வதற்குச் சமம்.

முரண்டு பிடிக்கும் மனிதர் ஒருவர் எல்லாச் சபையிலும் இருப்பார். எழுந்து கேள்வி கேட்பார், தீர்மானத்தில் கையெழுத்துப் போடமாட்டார், கணக்கைக் காட்டு என்பார். அவரைக் கண்டாலே முகம் சுளிக்கிறோம். அவர் இரண்டு வகையாக இருக்கலாம். ஒருவர் வெறும் வீம்புக்காரர். அவரைப் பொறுத்துக்கொள்ளும் விலையைத் தலைமை கொடுக்கட்டும்: நேரத்தைக் கொடுக்கட்டும், பதிலைக் கொடுக்கட்டும், மரியாதையைக் கொடுக்கட்டும். இன்னொருவர் ஒக்ஸ். நாம் கேட்க விரும்பாத கேள்வியைக் கேட்பவர். இவர் எந்த வகை என்று தீர்மானிக்கும் முன், அவர் சொல்வதை அவரே ஒப்புக்கொள்ளும்படி நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் நாம் இன்னும் கேட்கவில்லை என்று பொருள்.

முடிவாக, இந்த மாவட்டத்துத் திருச்சபைத் தலைவர்களுக்கும் பள்ளி, மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் யாரையாவது பார்த்து ‘கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல வாயெடுக்கும்போது, இந்தப் பொறுமைக்கு விலை கொடுக்கப்போவது நீங்களா அவரா என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், அது கிருபை. அவர் என்றால், அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு அவர் கேட்டது நியாயமா என்று விசாரியுங்கள். நியாயம் என்றால் அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.